கோணி ஊசி நுழைந்த சுவர்

உங்கள் வீட்டு மொட்டைமாடி நேற்று மதியம் எவ்வளவு நீண்டது? சொல்லுங்கள் பார்க்கலாம். மாடியாவது, நீளுவதாவது என்று சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். அப்படிச் சிரித்தவர்கள்தான் ஒரு தையல்காரியையும், எழுந்து நடக்க முடியாத அவள் அண்ணனையும் நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்தார்கள். குறுக்கே நின்று தடுத்தவள் ஒரு கூலிக்காரி. அவளைப் பற்றித்தான் இந்தக் கதை.

அவளை எல்லாரும் ‘அரைக்கை’ என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டட வேலைக்குப் போகிற பெண்கள் உடுப்புக்கு மேலே ஆண்கள் சட்டை ஒன்றை மாட்டிக்கொள்வது உண்டு. பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், இடது பக்கம் முழுக்கையும் வலது பக்கம் தோளோடு கிழிந்த வெறுமையுமாகச் சாயங்காலம் வரை கலவை சுமந்தாள். அன்று வைத்த பெயர் இன்று வரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதனால் கிழிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளே மறந்துவிட்டாள்.

சித்தாளாகத் தொடங்கியவள், பிறகு பாலத்திலும் ஆஸ்பத்திரியிலும் ஜாயின்ட் வேலை செய்யும் கும்பலில் சேர்ந்தாள். ஜாயின்ட் என்றால் என்னவென்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கான்கிரீட் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். ஐம்பது மீட்டர் நீளத் தளம் இருபது டிகிரி சூடேறினால் ஒரு சென்டிமீட்டர் நீளும். ஆகவே நீண்ட கட்டடத்தை ஒரே கட்டியாகக் கட்டமாட்டார்கள். நடுவில் பிளந்து, இரண்டு விரல் நுழையும் இடைவெளியை அடியிலிருந்து உச்சி வரை விடுவார்கள். அதற்குத்தான் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் என்று பெயர். தூசியும் மழையும் புகாமலிருக்க அதில் ஃபோம் கயிற்றைத் திணித்து, மேலே ரப்பர் மாதிரி நெகிழ்கிற பசையை இழுப்பார்கள். அந்தப் பசை இழுப்பதில் அரைக்கையை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. பசை டப்பாவின் முதுகில் அச்சடித்திருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். ‘இடைவெளியில் கெட்டியான பொருள் எதையும் அடைக்கக் கூடாது’ என்ற வரியை மூன்று தரம் படித்தாள். ஏன் கூடாது என்று கேட்டபோது கும்பல் சிரித்தது. அவள் அடுத்த டப்பாவையும் படித்தாள்.

கடைசி நான்கு வருடமாக, அவள் குடியிருந்த தொழிலாளர் குடியிருப்பிலேயே பராமரிப்பு வேலை. ஒப்பந்தக் கூலி, வருடா வருடம் புதுப்பிப்பார்கள். அவள் வீட்டுக்காரர் அங்கேயே பெயின்டர், அவருக்கும் அதே ஒப்பந்தம். நான்கு மாடி, நூறு மீட்டர் நீளக் கட்டடம். நடுப் படிக்கட்டை ஒட்டி ஜாயின்ட் இருக்கவேண்டும். அங்கே வழவழவென்று பூசி வெள்ளையடித்த சுவர்தான் தெரியும். பழைய கட்டடம், உலோகத் தகடு வைத்து மூடி மேலே பூசியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டாள், தட்டிப் பார்க்கவில்லை. அவள் செய்த தப்பு அதுதான். இல்லை, அது இரண்டாவது தப்பு. முதலாவது பின்னால் வருகிறது.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் தையல்காரி அவளைத் தேடி வந்தாள். மேல்மாடியில், கிழக்கு ஓரத்துக் கடைசி வீட்டுக்காரி. கையில் ஒரு கடிதம்.

“அக்கா, இதக் கொஞ்சம் படிங்க. நான் படிச்சுட்டேன். இருந்தாலும் வேற யாராவது படிச்சா வேற மாதிரி இருக்குமோன்னு ஒரு நப்பாசை.”

வேற மாதிரி இல்லை. ‘குடியிருப்பில் அனுமதியின்றிக் கனரக இயந்திரத்தை இயக்கிச் சுவருக்குச் சேதம் விளைவித்தமையால், பதினைந்து தினங்களுக்குள் வீட்டைக் காலி செய்யவேண்டியது.’ பதினோரு நாள் போய்விட்டது. மிச்சம் நாலு.

“கனரக இயந்திரமா? என்னடி வாங்கி வச்சிருக்க, புல்டோசரா?”

“துணிப்பை தைக்கிற மெஷின்க்கா. எங்க அண்ணன விடக் கனம் கம்மி.”

அந்த வீடே அண்ணனுக்காகக் கிடைத்ததுதான். வேலையில் சாரம் சரிந்து முதுகு முறிந்த ஆளுக்கு, இழப்பீடு கொடுப்பதற்குப் பதில் ஒரு வீட்டைக் கொடுத்துக் கையைக் கழுவிக்கொண்டார்கள். இப்போது அதையும் பிடுங்கப் பார்க்கிறார்கள்.

அரைக்கை மேலே போனாள். கட்டிலுக்கு எதிர்ச்சுவரில், கூரையின் மூலையிலிருந்து சன்னல் வரை சாய்வாக ஒரு விரிசல் ஓடியது. வருடா வருடம் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து மறைத்த தடங்கள் அதன் இரு பக்கமும் உரிந்து தொங்கின. அண்ணன் தலையணையிலிருந்து தலையைத் திருப்பினார்.

“வாம்மா. என் டெலிவிஷனப் பாக்க வந்தியா? ஒரே சேனல்தான். ஆனா காலைல ஒண்ணு காட்டும், சாயங்காலம் வேற காட்டும்.”

“என்னண்ணே சொல்றீங்க?”

“அந்த நோட்ட எடுத்துக் குடு” என்றார் தங்கையிடம்.

பள்ளிக்கூட நோட்டு. நடக்க முடியாதவருக்கு நாள் முழுக்கப் பார்ப்பதற்கு ஒரு விரிசல்தான் இருந்தது. பார்த்தார். காலையில் அது மூடிக்கொள்வதும் மத்தியானம் வாய் பிளப்பதும் தெரிந்தது. கண்ணை நம்பாமல், தங்கையின் ஊசிப்பெட்டியை அளவுகோலாக்கிக்கொண்டார். தினமும் மூன்று வேளை, பென்சிலால் குறித்த ஒரே இடத்தில் தங்கை ஊசியை நுழைத்துப் பார்க்கவேண்டும். ‘காலை ஆறு மணி: பொடி ஊசியும் நுழையவில்லை. பதினொன்று: மெஷின் ஊசி நுழைந்தது. மாலை நான்கு: கோணி ஊசி நுழைந்தது.’ நாற்பத்தொரு நாள் கணக்கு. பக்கத்திலேயே இன்னொரு பத்தி, மெஷின் ஓடியதா இல்லையா என்று. தங்கைக்குக் காய்ச்சல் வந்து மெஷின் தொடாத ஆறு நாளும் கோணி ஊசி நுழைந்திருக்கிறது. மழை பிடித்துக்கொண்ட மூன்று நாள் மெஷின் விடாமல் ஓடியிருக்கிறது, பொடி ஊசி கூட நுழையவில்லை.

பெரிய படிப்புப் படித்தவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார்த்து ‘மெஷின் அதிர்வு’ என்று எழுதிப் போனார்கள். படுக்கையில் கிடந்த மனிதர் ஊசியை வைத்து உண்மையை அளந்துவிட்டார். அறிவு எங்கே குடியிருக்கும் என்று ஆபீஸ் பலகையைப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

“நம்ம குடியிருப்பு சூப்பர்வைசர்கிட்ட காட்டினியா?”

“காட்டினேன்க்கா. ‘சொவருக்கு ஜுரம் பாக்குறீங்களா’ன்னு சிரிச்சாரு.”

அரைக்கை நோட்டை மூடினாள். அவளுக்குப் பொறி தட்டிவிட்டது. வெயில் ஏற ஏற விரிகிறது என்றால் மொட்டைமாடித் தளம் இந்த மூலையைத் தள்ளுகிறது. நடுவில் இடம் இருந்தால் நீட்டத்தில் பாதி அங்கே போயிருக்கும். இடம் இல்லை, அதனால் மொத்தமும் ஓரத்துக்கு வருகிறது. அப்படியென்றால் ஜாயின்ட் அடைபட்டிருக்கிறது.

இறங்கி நடுப் படிக்கட்டுக்கு வந்தாள். சுவரை விரல் முட்டியால் தட்டினாள். தகடு என்றால் ‘டங்’ என்று கேட்கவேண்டும். ‘டொக்’ என்று செத்த சத்தம். கெட்டிச் சிமென்ட்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் தட்டியபோது கை அப்படியே நின்றது. இந்தத் திருப்பம். இந்தச் சன்னல். சித்தாளாக இருந்த நாட்களில் தினம் ஒரு கட்டடம், எதுவும் மனதில் நின்றதில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் நின்றுதான், கலவை உள்ளே விழாமலிருக்கத் துணி கேட்டாள். சாக்கு தீர்ந்துபோச்சு என்றார்கள். வலது கைச் சட்டையைத் தோளோடு கிழித்து இடைவெளிக்குள் திணித்தாள். மேலே கலவையை வைத்துக் கரண்டியால் அமுக்கி அமுக்கி அடைத்தாள்.

அடைத்தது அவள்தான். அதுதான் முதல் தப்பு.

ஏன் அடைக்கச் சொன்னார்கள்? அங்கேதான் வேடிக்கை. குடியிருப்பு ஆபீஸில் வருடாந்தரச் சோதனைப் படிவம் ஒன்று உண்டு. அதில் ‘விரிசல்களின் எண்ணிக்கை’ என்று ஒரு கட்டம். ஜாயின்ட் என்று கட்டமே கிடையாது. ஆகவே வேண்டுமென்றே விட்ட இடைவெளியை, மாடிக்கு முன்னே ஒன்று பின்னே ஒன்றாக எட்டு விரிசல் என்று எண்ணி வைத்தார்கள். வருடா வருடம் எட்டு. மேலிடத்திலிருந்து, எட்டைப் பூஜ்யமாக்கு என்று உத்தரவு. சோதனைக்கு முந்தின வாரம், நல்ல குளிர்காலத்தில், கட்டடம் சுருங்கி இடைவெளி அகலமாகத் திறந்திருந்த நேரத்தில், சிமென்ட் வைத்து அடைத்தார்கள். மாடித்தளத்திலும் சேர்த்து. கோடை வந்தபோது கட்டடத்துக்கு மூச்சுவிட இடமில்லை. படிவத்தில் பூஜ்யம் வந்தது. சூப்பர்வைசருக்குப் பாராட்டுக் கடிதமும் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டிருந்தார்.

“தெரியும்” என்றார் அவர், நிமிராமல்.

“என்ன தெரியும்?”

“நீ அடச்சதுக்கு மேல வெள்ளையடிச்சது யாரு? நான்தான். ரெண்டு கோட்டு. அப்பதானே ஒன்னப் பாத்தேன், ஒத்தச் சட்டைக்கையோட.”

“பாவி மனுஷா! இத்தன வருஷமா சொல்லவே இல்லையே?”

“சொவத்த அடைக்கிறது பாவம்னு எனக்கென்ன தெரியும்? டப்பா படிக்கிறவ நீ. நான் டப்பாவத் தொறக்குறதோட சரி.” பிரஷ்ஷை உதறினார். “இந்தா பாரு, நீ போய் நான்தான்னு சொன்னா ஒப்பந்தம் போச்சு. எனக்கும் சேத்துப் போச்சு. அப்புறம் நம்மளும்தான் வீட்டக் காலி பண்ணணும். ஜாயின்ட் அடைபட்டிருக்குன்னு மட்டும் சொல்லேன். யாரு அடச்சான்னு எதுக்குச் சொல்ற?”

“கேப்பாங்களே.”

“கட்டினவன் அடச்சிருப்பான்னு சொல்லு. அவன் செத்தே போயிருப்பான்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பயத்துக்கும் நியாயம் உண்டு. செவ்வாயும் புதனும் இதே யோசனை. தெரியாமல் செய்ததற்குக் குற்றவாளியா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். இல்லை என்றே தோன்றியது. ஆனால் இப்போது தெரிந்துவிட்டதே. இனிமேல் வாயை மூடிக்கொண்டால், அந்தக் கலவையை இன்றைக்கு மறுபடி வைத்து அடைத்த மாதிரி.

வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு என்ஜினியர் மேடம் வந்தார். இளவயசு, புதிதாக மாற்றலாகி வந்தவர். வெள்ளிக்கிழமை காலி செய்யும் உத்தரவுக்கு முன் சேதத்தை நேரில் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டியது அவர்தான். கூடவே சூப்பர்வைசர். அரைக்கை வாசலிலேயே நின்றாள்.

“நீ எதுக்கும்மா இங்க?” என்றார் சூப்பர்வைசர்.

“ஊசி குத்திக் காட்டத்தான் சார்.”

தையல்காரி கோணி ஊசியை விரிசலில் விட்டாள். பாதி வரை இறங்கியது. அண்ணன் நோட்டை நீட்டினார். மேடம் பக்கம் பக்கமாகப் புரட்டினார். முகம் மாறிற்று.

“இது வெப்ப மாற்றத்தால வர்றது மாதிரி இருக்கே” என்றார்.

“மேடம், இந்தம்மா மெஷினப் போட்டு நாள் பூரா டடடடன்னு அடிக்குது. சொவரு என்ன பண்ணும், பாவம்!”

“சார்,” என்றாள் அரைக்கை, “தையல் மெஷின் சொவத்த இப்பிடிப் பொளக்கும்னா, நம்ம ஆளுங்க உளியும் சுத்தியலும் தூக்கிச் சாவறானுங்களே, ஆளுக்கொரு மெஷின் வாங்கிக் குடுத்துருங்க. மேடம், மேக்கு ஓரத்துல இதே மாடில ஒரு வீடு மூணு வருஷமாப் பூட்டிக் கெடக்கு. அதத் தொறந்து பாப்போம். அங்க மெஷின் இல்ல, மனுஷனே இல்ல.”

“அதுக்குச் சாவி இல்ல.”

“போன மாசம் உங்க பழைய பீரோவ அங்கதானே ஏத்துனோம்? நான்தான் ஒரு முனையப் பிடிச்சேன். பீரோ சன்னல் வழியாவா போச்சு?”

கட்டிலில் கிடந்த அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். சாவி சூப்பர்வைசரின் இடுப்பிலிருந்தே வந்தது.

மேற்கு ஓரத்து வீட்டில் பீரோவுக்குப் பின்னால், கூரை மூலையிலிருந்து சன்னல் வரை, கண்ணாடியில் பார்த்தது போல் அதே சாய்வில் அதே விரிசல். தையல்காரி ஊசியை விட்டாள். இறங்கியது.

நடுப் படிக்கட்டுக்கு வந்தார்கள். மேடம் சுவரைத் தட்டிப் பார்த்தார். “வரைபடத்துல இங்க ஜாயின்ட் இருக்கு. இப்ப இல்ல. அடச்சதா ரெஜிஸ்டர்ல ஏதாவது பதிவு உண்டா?”

“ஒண்ணும் இல்ல மேடம். கட்டும்போதே இப்படித்தான் கட்டியிருப்பாங்க. நம்ம காலத்துல யாரும் கைவைக்கல.”

“பதிவு இல்லாம நான் என்ன எழுதறது?” என்று மேடம் தயங்கினார். “வெறும் ஊகத்த வச்சு உத்தரவ நிறுத்த முடியாதே.”

இதுதான் அந்த நேரம். இப்போது வாயை மூடிக்கொண்டால் நாளைக்குக் காலையில் கட்டில் தெருவுக்கு வரும். அரைக்கை பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தாள். திருப்பத்துச் சன்னல் ஓரத்தில், இடுப்பு உயரத்தில் வைத்து ஓங்கி அடித்தாள்.

“ஏய், ஏய்! அனுமதியில்லாம சொவத்துல கைவைக்காத!”

“அன்னிக்கு அனுமதியோட கைவச்சதுதான் சார் இந்தக் கதி.”

பூச்சு உதிர்ந்தது. கலவை கட்டி கட்டியாக விழுந்தது. விரல் ஆழத்துக்குத் தோண்டியபோது உளி மெத்தென்று எதிலோ முட்டியது. விரலை விட்டு இழுத்தாள். சிமென்ட் ஏறி மரத்துப்போன நீலக் கட்டம் போட்ட துணி. ஒரு முனையில் பொத்தானோடு மணிக்கட்டுப் பட்டி.

“இது என் சட்டைக் கை. இங்க அடச்சது நான். எட்டு இடத்துலயும் நான் கலவை வச்சேன். வைக்கச் சொன்னது இவர். எழுதிக்கோங்க மேடம், நான் கையெழுத்துப் போடறேன்.”

“பொய்! எதுக்கோ பழிவாங்குது. சாட்சி இருக்கா? ஊருல நீலக்கட்டச் சட்டை ஒண்ணுதானா?”

கீழ்ப்படியில் ஒரு கனைப்பு. பெயின்டர், கையில் வாளியோடு. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை. முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

“மேல பெயின்ட் அடிச்சது நான்தான் மேடம். ரெண்டு கோட்டு. சீக்கிரம் அடின்னு சார்தான் பக்கத்துல நின்னு வெரட்டினாரு, ஈரம் காயறதுக்குள்ள சோதனை வந்துருமாம். எனக்கும் ஒரு கையெழுத்துக்கு எடம் விடுங்க.”

அரைக்கை அவரைப் பார்த்தாள். “டப்பாவத் தொறந்துட்டியே, மனுஷா” என்றாள்.

மேடம் அங்கேயே, படியில் உட்கார்ந்து எழுதினார். காலி செய்யும் உத்தரவு அன்று சாயங்காலமே ரத்தானது. ஒரே ஒரு வரி. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை.

மிச்ச வேலைக்கு அனுமதி வரட்டும் என்றார்கள். அவள் காத்திருக்கவில்லை. மறுநாளே கயிறு கட்டி இறங்கினாள். மாடித்தளத்திலிருந்து தரை வரை, முன்னும் பின்னும், ஆறு நாளில் அத்தனை சிமென்டையும் கொத்தி எடுத்தாள். வீட்டுக்காரர் கயிற்றைப் பிடித்தார். குடியிருந்தவர்கள் வாளி வாளியாகக் கல்லை அள்ளினார்கள். ஃபோம் கயிறும் பசையும் மேடம் எப்படியோ வரவழைத்துக் கொடுத்தார். ஏழாம் நாள் அவளுக்கும் பெயின்டருக்கும் கடிதம் வந்தது: ‘அனுமதியின்றிக் கட்டடத்தைச் சேதப்படுத்தியதால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படமாட்டாது.’ தையல்காரிக்கு எழுதிய அதே ‘சேதம்’. தலைப்பையும் பெயரையும் மட்டும் மாற்றியிருந்தார்கள். சூப்பர்வைசருக்கு இடமாற்றம், பதவி உயர்வோடு.

அவள் அழவில்லை. “அடச்சதுக்குப் பாராட்டுக் கடுதாசி, தொறந்ததுக்கு வேல நீக்கமா? நல்லா இருக்குடா உங்க ஆபீஸு” என்று சொல்லிக் கடிதத்தை மடித்து அண்ணனின் நோட்டுக்குள் வைத்தாள். இப்போது இரண்டு தெரு தள்ளி வாடகை வீடு. வேறு கட்டடங்களில் பசை இழுக்கிறாள். தையல்காரி அவளுக்கு இரண்டு முழுக்கை வைத்த சட்டை ஒன்று தைத்துக் கொடுத்தாள். பெயர் என்னவோ மாறவில்லை.

அண்ணன் இன்னும் எழுதுகிறார். விரிசல் மறைந்துவிடவில்லை, பத்து வருடக் காயம் ஆறு நாளில் ஆறாது. ஆனால் இந்தக் கோடை முழுக்க, மாலை நான்கு மணிக்கும் கோணி ஊசி நுழையவில்லை. மெஷின் ஊசிதான் நுழைகிறது.

மாறாதது அந்தப் படிவம். இன்னும் அதே ஒற்றைக் கட்டம். அரைக்கை ஒரு நாள் ஆபீஸுக்குப் போய், வெற்றுப் படிவம் ஒன்றை வாங்கி, பேனாவால் கீழே கோடு போட்டு ஒரு கட்டம் சேர்த்தாள்: ‘ஜாயின்ட் எத்தனை? திறந்திருக்கிறதா?’ குமாஸ்தா அதை மேசைக்கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். அச்சடிக்கவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். நாளைக்கு ஒரு பழைய ஆணியை எடுத்துக்கொண்டு, நீங்கள் குடியிருக்கிற, வேலை செய்கிற, பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிற நீண்ட கட்டடத்தைச் சுற்றி நடங்கள். ஜாயின்ட்டைத் தேடிப் பிடித்து ஆணியால் அமுக்குங்கள். நெகிழ்ந்தால் சரி. கல்லாக இருந்தால் ஒரு தாளில் எழுதுங்கள், ஆபீஸில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். விரிசலுக்கு யாரையாவது பழி சொல்லிக் காலி செய்யச் சொன்னால், எதிர் ஓரத்து வீட்டைத் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். சாவி இல்லை என்பார்கள். இடுப்பைப் பாருங்கள். எழுதிய தாளின் கீழே உங்கள் பெயரைப் போட்டுக் கையெழுத்திடுங்கள்.